மதுரை வீதிநடை: விடியற்காலையா, விளக்கு வைக்கும் நேரமா?

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பழைய கடைவீதிகளை வழிகாட்டியோடு நடந்து பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் முடியும் குழு நடை. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, இருபது முப்பது பேர். மற்றொன்று, வார நாளில் மாலை நான்கரைக்குத் தொடங்கி எட்டு மணி வரை போகும் சிறு நடை. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வழிகாட்டியைப் பேசி வைத்துக்கொள்வது. கையில் வரைபடத்தோடு தனியாகவும் நடக்கலாம். வீதிகள் புரியும், பட்டறைக் கதவு திறக்காது. அதனால் போட்டி காலைக்கும் மாலைக்கும்தான். கைத்தொழிலையும் கடைவீதியையும் பார்ப்பதுதான் நோக்கமென்றால், எங்கள் வாக்கு மாலைக்கே.

காலை நடையின் நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். வெயில் இல்லை, நெரிசல் இல்லை. ஊரின் அமைப்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கோயிலுக்குள் ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதையும் தாண்டி மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர் விரிவதை, கடைப்பலகைகளும் தொங்கும் துணிகளும் மறைக்காத நேரத்தில்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடிக்க வைத்து அகழியைத் தூர்த்த கதையையும் வீதிகளே சொல்லும். அந்த வேலையில் இருந்த மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் வீதிப் பெயர்களாக நிற்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குதான் விளக்குத்தூண். கட்டடமும் வரலாறும் போதுமென்றால் காலை நடையே போதும்.

மொத்த வியாபாரத்துக்கும் காலைதான் நேரம். கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் மூட்டை இறங்குவதையும், யானைக்கல் பக்கம் வாழைத்தார்களுக்கு விலை பேசுவதையும் மாலையில் போய்ப் பார்க்க முடியாது. இந்த இரண்டுக்காக மட்டும் ஒரு விடியலை ஒதுக்கலாம். வழிகாட்டிகூட வேண்டாம். சுமை தூக்குபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கத் தெரிந்தால் சரி.

மற்றபடி காலை நடையில் கைத்தொழில் கிடையாது. காரணம் எளிது: பட்டறைகளும் கடைகளும் பத்து மணிக்கு மேல்தான் உயிர் பெறும். ஒன்பதுக்கு முடியும் நடையில் தெற்கு ஆவணி மூல வீதி என்றால் இழுத்து மூடிய ஷட்டர்களின் வரிசை. வழிகாட்டி ஒரு ஷட்டரைக் காட்டி "இதுக்குப் பின்னாடிதான் நகைப் பட்டறை" என்பார். அதிலும் ஞாயிறென்றால் பதினொரு மணி வரை காத்திருந்தாலும் பல பட்டறைகள் திறக்காது. குழு நடைகள் ஞாயிறன்று வைக்கப்படுவது வருகிறவர்களின் விடுமுறைக்காக. தொழிலாளிக்கும் அன்றுதான் விடுமுறை. 'கைவினை நடை' என்ற பெயருக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். முன்பதிவு செய்யும் முன் நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

மாலைக்கு வருவோம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்தில் தொடங்குவது நல்லது. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் இது. தையல்காரர்கள், பாத்திரக்கடைகள், பஞ்சாங்கமும் அம்மானைப் புத்தகங்களும் விற்றவர்கள் என்று பல தலைமுறைகளாக உள்ளே இருந்த கடைகள் இப்போது அங்கே இல்லை. குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய குறிப்பை வைத்துக்கொண்டு 'மண்டபத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்' என்று சொல்லும் நடையை நம்பிப் போகாதீர்கள். வழிகாட்டி உங்களைச் சத்திரத்துக்கு அழைத்துப் போகிறாரா என்று கேளுங்கள். தையல்காரர்களின் உண்மையான திறமை சுற்றுலாக்காரர்களுக்குச் சட்டை தைப்பதில் இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் திரி எடுக்கிறவர்களும் போடும் உடுப்பு, சாமிக்கான துணி, குடை, தொம்பை என்ற தொங்கும் துணி அலங்காரம் எல்லாம் இவர்கள் கைவேலை. பங்குனியில் போனால் ஒரே நேரத்தில் பத்து மெஷின் ஓடும். அப்போது பேச அவர்களுக்கு நேரமிருக்காது, பார்க்க மட்டும் செய்யலாம்.

அடுத்து ராயகோபுரமும் ஏழுகடல் தெருவும். முடிக்கப்படாமல் அடிநிலையோடு நின்றுவிட்ட கோபுரத்தின் தூண்களுக்குப் பக்கத்திலேயே கடைகள். காஞ்சனமாலை நீராட ஏழு கடலையும் வரவழைத்ததாகச் சொல்லும் திருவிளையாடல் கதையின் குளம் தெருப் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பித்தளைப் பாத்திரம் பார்க்கிறவர்கள் தூக்கிப் பார்த்து, விளிம்பில் சுண்டிப் பார்க்கலாம். வார்ப்பு கனக்கும், தகடு மெலிந்து ஒலிக்கும். இங்கே பத்து நிமிடம் போதும்.

நேரம் செலவழிக்க வேண்டியது தெற்கு ஆவணி மூல வீதியில். வீதியில் அல்ல, அதிலிருந்து பிரியும் சந்துகளின் மாடிகளில். ஆறு பேர் நின்றாலே நிறையும் அறை. பொற்கொல்லர் ஒரு வளையத்தைப் பற்றவைக்கிறார் என்று வையுங்கள். மூட்டில் வெங்காரம் தடவி, பற்றவைக்கும் உலோகப் பொடியை ஊசிமுனையளவு எடுத்து அதன்மேல் வைத்து, சுடரை ஊதுகுழலால் வளைத்துப் பாய்ச்சுவார். முதலில் வெங்காரம் பொரிந்து எழும்பும், பிறகு கண்ணாடிபோலப் படியும். அடுத்த கணம் பொடி உருகி, மூட்டுக்குள் பளிச்சென்று ஓடிவிடும். அந்தக் கணத்தில் சுடரை விலக்க வேண்டும். ஒரு மூச்சு கூடினால் பக்கத்து மணியும் உருகிவிடும். 'பொடி வைத்துப் பேசுவது' என்று நாம் சொல்வது இந்தப் பொடியைத்தான் என்பார்கள். இப்போது பல இடங்களில் ஊதுகுழலுக்குப் பதில் காஸ் சுடர் வந்துவிட்டது. பொடியும் வெங்காரமும் மாறவில்லை.

இருபது பேர் குழு ஏன் கூடாது என்பதற்கும் விடை அந்த அறையிலேயே இருக்கிறது. ஊதும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், சுடர் ஆடக்கூடாது. கூட்டம் கூடினால் உஷ்ணம் தாங்காது, வெளிச்சமும் மறையும். பலகையையோ தரையையோ தொடாமல், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் விழும் துகளையும் கூட்டி எடுத்துச் சேர்த்து வைப்பார்கள், அது பணம். படம் எடுக்கும் முன் கேளுங்கள். வாடிக்கையாளரின் நகை இருந்தால் மறுத்துவிடுவார்கள், அது நியாயம்தான். வழிகாட்டி முதல் நாளே போன் செய்து சொல்லியிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். "போற வழியில பாத்துக்கலாம்" என்கிறவரோடு போனால், கடைசியில் கோபுரம் தெரியும் மொட்டைமாடி உள்ள ஒரு கைவினைப் பொருள் கடைக்குத்தான் போய்ச் சேருவீர்கள். காட்சி இலவசம், இறங்கும்போது சால்வை விரிப்பார்கள், விற்றால் அழைத்து வந்தவருக்குக் கமிஷன். அதனால் பேசும்போதே கேட்க வேண்டியது இதுதான்: எந்தப் பட்டறை, அவரிடம் சொல்லியாயிற்றா, அவருடைய அரைமணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? தொழிலாளிக்கான தொகையைத் தனியாக, அவர் கையிலேயே கொடுப்பது நல்லது.

சுங்குடிக்கு மட்டும் மாலையும் முழுப் பலன் தராது. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சேலைக்கு முடிச்சுப் போடுவது சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள், அதுவும் வீட்டில், மற்ற வேலைகளுக்கு நடுவே. திருமலை நாயக்கர் மகால் பக்கத்துத் தெருக்களில் வழிகாட்டிக்குத் தெரிந்த வீடு இருந்தால்தான் பார்க்க முடியும். துணியை மடித்து, நக நுனியால் ஒரு துளியைக் கிள்ளி, நூலை இழுத்துச் சுற்றி இறுக்குகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நூல் தளர்ந்தால் சாயம் உள்ளே புகுந்து புள்ளி அழிந்துவிடும். கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இதுதான். முடிச்சுக் கட்டிய சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது, கிள்ளிய இடம் சிறு மேடாக விரலில் தட்டுப்படும், மறுபக்கமும் அதே நிறம். அச்சடித்ததில் எல்லாப் புள்ளியும் அச்சு வட்டம், துணி தட்டை, பின்பக்கம் வெளிறியிருக்கும். கையால் கட்டியதன் விலையில் பாதிக்கும் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம், அச்சுதான்.

தெற்கு மாசி வீதி வழியாக விளக்குத்தூண், அங்கிருந்து பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கர் அரண்மனையில் எஞ்சிய பத்துக் கல்தூண்கள் துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. அண்ணாந்து பார்க்கவில்லை என்றால் தூண் இருப்பதே தெரியாது. மகாலையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மாலை நடை ஒத்துவராது, பார்வை நேரம் ஐந்து மணியோடு முடிந்துவிடும். அதை வேறொரு பகலுக்கு வையுங்கள். விளக்குத்தூணில் ஜிகர்தண்டா குடித்துவிட்டுத் திரும்பினால், கோயிலில் இரவுப் பள்ளியறை பூஜைக்குச் சுவாமி பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளுவதைப் பார்த்து முடிக்கலாம். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள், பாதுகாப்பறையில் கொடுக்கக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

செவ்வாய் முதல் வியாழன் வரை நல்ல நாட்கள். வெள்ளியன்று கோயில் கூட்டம் சித்திரை வீதியை நிறைத்துவிடும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் மாலையில் விளக்குத்தூண் பக்கம் நடை என்பதே இல்லை, கூட்டம் தள்ளுகிற பக்கம் போக வேண்டியதுதான். அப்போது காலை நடையே மேல். ஐப்பசியிலும் மாலையை இதே உறுதியோடு சொல்ல மாட்டோம். இடிமழை பெரும்பாலும் நாலு மணிக்கு மேல்தான் பிடிக்கும், சந்துகளில் தண்ணீர் நிற்கும், மின்சாரம் போனால் பட்டறையும் நிற்கும். அந்த மாதத்தில் பதினொரு மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்குள் முடிக்கும்படி வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பட்டறை மூடுவதற்குள் முடிந்துவிடும்.

சாலையோரக் கழிப்பறைகளை நம்பிக் கிளம்ப வேண்டாம். பெரியவர்கள் உடன் வந்தால் நடுவில் ஒரு ஹோட்டலில் காபிக்கு உட்காரும்படி வழியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்பு போடுங்கள். பட்டறைப் படி, வீட்டு வாசல், கோயில் என்று மூன்று நான்கு முறை கழற்ற வேண்டிவரும்.