எழுதும் கையைக் கட்டுவதா, அழைத்து வருபவரை விலக்குவதா?

நீடாமங்கலத்தை ஒட்டிய மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. அங்கே மதகுச் சுவரில் வரைந்திருக்கும் அளவுக்கோடு தண்ணீரைத் தடுப்பதில்லை. அதைப் படித்துவிட்டு ஷட்டரின் திருகைச் சுற்றும் மதகு ஊழியரான லஸ்கர்தான் தடுக்கிறார். மரபணுக்கள் திறக்கவும் மூடவும் உதவும் வேதிக்குறியான ஹிஸ்டோன் மெத்திலேற்றத்தைப் பற்றி வகுப்பில் பேசத் தொடங்கும்போது மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளை ஒன்றைச் சுற்றி டி.என்.ஏ.வின் 147 கார இணைகள் படிந்திருக்கின்றன. உருளையிலிருந்து வெளியே நீளும் புரத வாலில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின்மீது ஒன்று முதல் மூன்று மெத்தில் தொகுதிகளை ஒட்டும் வேலையை மெத்தில் டிரான்ஸ்ஃபரேஸ் நொதிகள் செய்கின்றன. அசெட்டிலேற்றம் என்ற இன்னொரு வேதிக்குறி லைசினின் மின்னூட்டத்தை மாற்றுவது போல மெத்திலேற்றம் மாற்றுவதில்லை என்பதால், அந்தக் குறியைப் படிக்கும் வேறு புரதங்கள் வந்து அமர்ந்த பிறகே மரபணு திறக்கிறது அல்லது மூடுகிறது. எச்3 என்ற ஹிஸ்டோன் வகையில் 4ஆம் இடத்து லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் மரபணு பெரும்பாலும் இயங்கும். 27ஆம் இடத்து லைசினில் இருந்தால் அடங்கும். முன்னைய குறியை எழுதும் நொதிகளில் எம்.எல்.எல்.1 ஒன்று, பின்னதை முக்கியமாக எழுதும் நொதி இ.இசட்.எச்.2.

புற்றுநோயில் இந்த எழுத்து பிழைபடும்போது மருந்தை எங்கே செலுத்துவது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் போட்டியிடுகின்றன. நொதியின் வினைக்குழியையே, அதாவது மெத்தில் ஒட்டும் வினை நடக்கும் குழியையே, அடைப்பது ஒன்று. நொதியை உரிய இடத்துக்கு அழைத்து வரும் துணைப்புரதத்தை விலக்குவது மற்றொன்று.

முதல் வழிக்குச் சிறந்த சான்று இ.இசட்.எச்.2. பரவிய புராஸ்டேட் புற்றில் இந்த நொதி மிகுந்திருப்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழு 2002இல் காட்டியது. நிணநீர்ப் புற்றுகள் சிலவற்றில் நொதியின் 641ஆம் இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் மாறிவிடுவது 2010இல் தெரியவந்தது. அந்த மாற்றம் நொதியை முடக்குவதில்லை. இரண்டு மெத்திலை மூன்றாக்கும் கடைசிப் படியில் அதற்கு வேகத்தைக் கூட்டிவிடுகிறது. இந்தக் குழியை அடைக்கும் டாசெமெட்டோஸ்டாட் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று நோயாளிகளில் இ.இசட்.எச்.2 மாற்றம் உடையவர்களில் 69 விழுக்காட்டினருக்கும், மாற்றம் இல்லாதவர்களில் ஏறக்குறைய 35 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியது. நொதியின் செயலையே நோய் நம்பியிருக்கும் இடத்தில் மருந்து நன்றாகப் பிடிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை.

ஆனால் இதே நொதி வேறு இடத்தில் காவலாளியாகவும் இருக்கிறது. சில டி-செல் இரத்தப் புற்றுகளிலும் எலும்பு மஜ்ஜை சார்ந்த மைலாய்டு நோய்களிலும் இ.இசட்.எச்.2 செயலிழந்த நிலையில் காணப்படுகிறது. டாசெமெட்டோஸ்டாட்டின் எச்சரிக்கைக் குறிப்பிலும் இரண்டாவது இரத்தப் புற்று உருவாகும் அபாயம் இடம்பெற்றிருக்கிறது. எனவே ‘புற்றை உண்டாக்கும் நொதி’ என்ற சுருக்கப் பெயரை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை.

4ஆம் லைசினில் எழுதும் எம்.எல்.எல்.1இன் (சுருக்கமாக எம்.எல்.எல்.) கதை இதைவிடச் சுவையானது. 11ஆம் குரோமோசோம் முறிந்து எம்.எல்.எல்.1 மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் லுகேமியா என்ற இரத்தப் புற்றில், மெத்தில் ஒட்டும் பகுதியே கலப்புப் புரதத்திலிருந்து அறுந்துபோகிறது. கை போன பிறகும் ஆள் பழைய இடத்துக்கே போய் நிற்கிறார். புதிதாக ஒட்டிய பகுதி, டாட்1எல் என்ற வேறொரு நொதியை அங்கே இழுத்துவந்து எச்3 ஹிஸ்டோனின் 79ஆம் இடத்து லைசினில் எழுத வைக்கிறது. அதனால் ஹாக்ஸ்ஏ9, மெய்ஸ்1 ஆகிய மரபணுக்கள் அடங்க வேண்டிய பருவத்திலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கதிர் முற்றிய பின்னும் வயலுக்கு மடையை மூடாமல் விட்டது போல.

முதல் வழிக்காரர்கள் டாட்1எல்லை அடைக்கப் பினோமெட்டோஸ்டாட்டைக் கொண்டுவந்தனர். ஆய்வகத்தில் அது அருமையாக வேலை செய்தது. மனிதர்களிடம் நடந்த முதற்கட்டச் சோதனையிலோ, நரம்பு வழியே இடைவிடாமல் ஏற்ற வேண்டியிருந்த அந்த மருந்தைப் பெற்ற 51 பெரியவர்களில் இருவருக்கு மட்டுமே நோய் முழுமையாகத் தணிந்தது. இரண்டாம் வழிக்காரர்கள் நொதிகளை விட்டுவிட்டு, எம்.எல்.எல்.லின் அறுபடாத முனையைப் பற்றிக்கொண்டு அதை மரபணுவிடம் சேர்க்கும் மெனின் என்ற துணைப்புரதத்தைக் குறிவைத்தனர். அந்தப் பிடியை விடுவிக்கும் ரெவுமெனிப் வாய்வழி மருந்து. சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பியவர்களுக்கும், சிகிச்சைக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் அளிக்க 2024 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. அனுமதிக்கு அடிப்படையான 104 பேரில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமானோருக்கு நோய் முழுமையாகவோ, இரத்த அணுக்கள் ஓரளவு மீண்ட நிலையிலோ தணிந்தது. கேட்கச் சிறிய எண்தான். வேறு வழிகள் தீர்ந்தவர்களிடம் கிடைத்த எண் என்பதால் நான் அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இரு வழிகளையும் ஒரே தராசில் வைத்தால், எம்.எல்.எல். லுகேமியாவுக்கு மெனின் வழியே என் தேர்வு. இங்கே மூல நொதியின் வினைக்குழி ஏற்கெனவே போய்விட்டதால், அடைப்பதற்கு எதுவுமில்லை. கலப்புப் புரதம் மரபணுவின்மேல் போய் நிற்பதுதான் நோய். லிம்ஃபோமாவில் நிலைமை நேர் எதிர். அங்கே எழுதும் வேகமே கோளாறு. ஆகவே கையைக் கட்டுவதே பொருத்தம். எந்த மருந்து உயர்ந்தது என்று கேட்பதற்கு முன், நோயாளியின் மரபணு அறிக்கையில் எந்த மாற்றம் எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மெனின் மருந்துக்கும் இடர்கள் உண்டு. முதிராத புற்றுச் செல்கள் ஒருசேர முதிரத் தொடங்கும்போது காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரலாம். இதயத் துடிப்பின் மின் அலையும் நீளக்கூடும். மருந்து எடுத்துக்கொண்ட சிலரிடம் மெனின் மரபணுவே மாறி, மருந்து பொருந்தாமல் எம்.எல்.எல். மட்டும் பொருந்தும்படி பிணைப்புக்குழியைத் திருத்திக்கொண்டதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.