கியர் கேபிள் புஷ் கிட்: சாமான் சரி, போகும் வழியைத்தான் சொல்லவில்லை

மூன்றாவது கியரும் நான்காவது கியரும் மட்டும் விழுகின்றன. ஒன்று, இரண்டு, ஐந்து, ரிவர்ஸ் எதுவும் இல்லை. லீவர் முன்னும் பின்னும் ஒழுங்காகப் போகிறது, இடம் வலமாகத் தள்ளினால் மட்டும் பிடிப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடுகிறது. மூன்றாவதில் அரை கிளச் போட்டு நகர்த்தி நகர்த்தி வீடு வந்து சேர்ந்தபோது காருக்குள் கிளச் தீய்ந்த நாற்றம். மறுநாள் வாங்கியதுதான் இந்தக் கிட்.

உள்ளே இருப்பவை இவ்வளவுதான்: இரண்டு பிளாஸ்டிக் புஷ் (கேபிள் நுனிக்குள் உட்காரும் சின்ன வளையம்), இரண்டு சின்ன லாக் கிளிப், ஒரு கிரீஸ் பாக்கெட், நாலாக மடித்த ஒரு தாள். தாளில் புஷ்ஷைக் கேபிள் நுனியில் வைத்து அழுத்தும் படம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தக் கேபிள் நுனி காரில் எங்கே இருக்கிறது, அதன் பக்கம் கை போக எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. புஷ் மாட்ட எனக்கு ஆனது பத்து நிமிஷம். கேபிளைத் தேடிப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம்.

அதில் ஒரு மணி நேரம் என் முட்டாள்தனம். ஆடுவது லீவர், அதனால் கோளாறும் லீவருக்கு அடியில்தான் என்று நினைத்து, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவிலிருக்கும் கன்சோலைப் பிரித்தேன். லீவர் உறை, பக்கவாட்டு மூடிகள், அடியில் நாலு போல்ட். ஒரு கிளிப் உடைந்தது. அங்கே பார்த்தால் இரண்டு கேபிளும் லீவரோடு கெட்டியாக இருக்கின்றன. (கன்சோலுக்குள் கை வைப்பவர்கள் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் பெட்டி அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.)

அப்புறம்தான் புத்தி வந்தது. பானெட்டைத் திறந்து வைத்து, மகளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். இஞ்சின் ஆஃப், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் வைத்தாயிற்று.

"இப்போ எந்தப் பக்கம்ப்பா ஆட்டணும்?"

"இடம், வலம் மட்டும் ஆட்டும்மா. முன்னே தள்ளாதே."

டார்ச் அடித்தால் பேட்டரிக்குக் கீழே, இருட்டுக்குள், ஏதோ ஒன்று வந்து வந்து போகிறது. என் கார் முன்சக்கரத்தில் ஓடுவது. இஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கும், கியர்பாக்ஸ் அதன் ஒரு ஓரத்தில், பேட்டரிக்கு நேர் அடியில். லீவரிலிருந்து கிளம்பும் இரண்டு கேபிளும் ஃபயர்வாலில், அதாவது இஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில், ஒரு ரப்பர் வளையம் வழியாக இஞ்சின் பக்கம் வந்து, கியர்பாக்ஸ் தலையில் ஒரு பிராக்கெட்டில் ஜோடியாக நிற்கின்றன. ஒன்று இடவல அசைவுக்கு, மற்றது முன்பின் அசைவுக்கு.

வழி இதுதான்: முதலில் நெகட்டிவ், அடுத்து பாசிட்டிவ், பேட்டரி வெளியே. பிறகு பேட்டரி தட்டு. பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியும் அதன் குழாயும். எல்லாம் 10 மி.மீ. சாக்கெட்டிலேயே முடிந்தது, தட்டின் பின்பக்கப் போல்ட்டுக்கு மட்டும் நீளமான எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டது. கீழிருந்து போகலாம் என்று ஜாக்கியைத் தூக்காதீர்கள். என் காரில் மேலிருந்துதான் கை எட்டும்.

கண்ணால் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. இடவலக் கேபிளின் நுனியில் ஒரு வளையம், அதுதான் கண்; அதற்குள் இருக்க வேண்டிய புஷ் பிஸ்கட் தூளாகக் கிடந்தது. வருஷக்கணக்கில் இஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக். அந்தக் கண் மாட்டியிருக்கும் கியர்பாக்ஸ் குமிழிலிருந்து அது கழன்றதும் கியர்பாக்ஸின் உள் ஸ்பிரிங் தன்னை மூன்று-நான்கு வரிசையிலேயே நிறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அந்த இரண்டு கியர் மட்டும்.

தூளை நோஸ் பிளையரால் பொறுக்கி, குமிழைத் துடைத்து, கிரீஸ் தடவினேன். புதுப் புஷ்ஷை வெந்நீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்தால் இளகி உள்ளே போகிறது. இதையும் தாள் சொல்லவில்லை. குமிழின் மேல் வைத்து அழுத்தினால் "டக்" என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் வராவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம். நன்றாக இருந்த இன்னொரு புஷ்ஷையும் மாற்றிவிட்டேன், பேட்டரியை இன்னொரு முறை யார் தூக்குவது? கேபிள் நீளத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தொடவே இல்லை, அதனால் செட்டிங் செய்யும் வேலையும் இல்லை.

ஐந்து மாதம் ஓட்டிவிட்டேன். இடவலப் புஷ் கச்சிதம், லீவர் புதுக் கார் போல நிற்கிறது. முன்பின் புஷ்ஷில் மட்டும் முடியளவு ஆட்டம் இருக்கிறது. கியர் விழுவதில் குறையில்லை, ஆனால் கையில் தெரிகிறது. எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல், குமிழின் விட்டத்தை வெர்னியரில் அளந்துவிட்டு வாங்குங்கள். கிரீஸ் பாக்கெட் வரும்போதே கசிந்திருந்தது. ஐந்துக்கு மூன்றரை தருகிறேன், அந்தத் தாளில் இன்னொரு படம் இருந்திருந்தால் நாலரை.

வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். கேபிள் நுனியைக் குமிழிலிருந்து எடுத்துவிட்டு, உள்ளே ஒருவரை லீவரை ஆட்டச் சொல்லுங்கள். நுனி தடையில்லாமல் போய் வந்தால் இந்தப் புஷ் போதும். சிக்கிச் சிக்கி வந்தாலோ, கம்பி இழை பிரிந்திருந்தாலோ முழுக் கேபிளே மாற்ற வேண்டும். அப்போது நான் வீணாகப் பிரித்த கன்சோலை நீங்கள் பிரித்தே ஆக வேண்டும்.