தோலா, ரெக்ஸினா? இரட்டைத் தையலா, பைப்பிங்கா? கார் சீட்டில் எது எங்கே

கார் சீட்டுக்கு உறை மாற்ற நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, அசல் தோல் போடலாமா, ரெக்ஸின் போதுமா என்பதுதான். கேள்வி சரிதான். ஆனால் சீட் முழுவதற்கும் சேர்த்து ஒரே பதில் தேடினால் ஒன்று பணம் வீணாகும், இல்லை சீட் சீக்கிரம் கிழியும்.

ஓரளவு ஓடிய காரின் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி அநேகமாக நன்றாகவே இருக்கும். கதவோரம் மேடாக நிற்கிறதே திண்டு, ஏறி இறங்கும்போது தொடை உரசிப் போகும் இடம், அங்கேதான் முதலில் பளபளப்பு ஏறும். அப்புறம் நிறம் வெளுக்கும், மெல்லிய கோடுகளாக வெடிப்பு வரும், மேலே தெரியும் நூல் பிசிறு தட்டி அறுந்திருக்கும். அடுத்த நோயாளி பின்சீட்டின் மேல்விளிம்பு. பின்கண்ணாடி வழியாக வெயில் நேராக விழுவதால் அங்கே பொருள் காய்ந்து விறைத்துப் போகும். சீட்டின் முதுகுப்புறமும் பக்கவாட்டின் கீழ்ப்பகுதியும் புதுசு போலவே இருக்கும். அங்கே யாரும் உட்காருவதும் இல்லை, உரசுவதும் இல்லை.

இந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பொருளையும் தையலையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தோலுக்குள்ளேயே எத்தனை வகை

கடையில் எல்லாமே ‘ஒரிஜினல் லெதர்’தான். அந்தச் சொல்லை நம்பாமல், துண்டின் வெட்டு விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மாட்டுத்தோலின் மேல்புறத்தில் இழைகள் நெருக்கமாகவும், கீழே போகப்போகத் தளர்ந்தும் பின்னியிருக்கும். எங்கேயும் கோடு போட்டது போலப் பிரியாது. ஸ்பிளிட் தோலில், அதாவது மேல்பகுதியைச் சீவி எடுத்தபின் மிஞ்சும் அடிப்பகுதியில், தளர்ந்த நார் மட்டும் இருக்கும். அதன் தலையில் தனியாக ஒரு பிளாஸ்டிக் படலம் உட்கார்ந்திருக்கும். ரெக்ஸினைத் திருப்பினாலே பின்னால் துணி தெரிந்துவிடும். பாண்டட் லெதர் என்பது தோல்தூளைப் பசையோடு குழைத்துத் தகடாக்கியது. அது உரிந்து உதிரும். கார் சீட்டுக்கு அதைப் பேச்சிலேயே எடுக்க வேண்டாம்.

மேல்தோலிலும் பூச்சைப் பொறுத்துப் பிரிவு உண்டு. அனிலைன் தோலுக்குச் சாயம் மட்டும் ஏற்றியிருப்பார்கள், மேலே நிறப்பூச்சு கிடையாது. தொட்டால் மெத்தென்று இருக்கும், துளைகள் இயற்கையாகத் தெரியும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உறிஞ்சிக் கறையாக்கிக்கொள்ளும், வெயிலில் வெளுக்கும். வீட்டு சோபாவுக்கு அழகு. தினமும் ஓடும் காருக்கு அது துன்பம். நிறப்பூச்சு போட்ட தோல் தொடுவதற்கு ஒரு படி குறைவுதான். ஆனால் வியர்வை, வெயில், ஜீன்ஸ் உரசல் எல்லாவற்றையும் தாங்குவது அதுதான். கார் கம்பெனிகளும் பெரும்பாலும் இதையே போடுகின்றன. செமி அனிலைன் இரண்டுக்கும் நடுவே. பராமரிக்கப் பொறுமை இருப்பவர்கள் அதை எடுக்கலாம். நாப்பா என்ற பெயர் மென்மையைச் சொல்கிறதே தவிர, உழைப்புக்கு அது உத்தரவாதம் இல்லை.

தடிமனில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. தடித்த தோல் என்றால் நல்ல தோல் என்று நினைத்துவிடுகிறோம். கார் சீட்டுக்கு சுமார் 1 முதல் 1.4 மிமீ வரை போதும். அதற்கு மேல் போனால் தையல் மடிப்பில் நான்கைந்து அடுக்கு சேர்ந்து மேடு தட்டும், வளைவில் படியாது. நல்ல கைவேலைக்காரர் மடிப்பு விழும் ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்கித்தான் தைப்பார். இன்னொன்று, ஒரே தோலில் முதுகுப் பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதி இழுவையாகவும் இருக்கும். உட்காரும் பரப்புக்கு வயிற்றுத் துண்டை வெட்டிப் போட்டால் சில மாதத்திலேயே தொய்ந்து சுருக்கம் விழும். எந்தத் துண்டு எங்கே போகிறது என்று வெட்டும் முன்பே கேளுங்கள். இதைக் கேட்பவர் குறைவு, கேட்டால் மதிப்பும் கூடும்.

செயற்கைப் பொருள்களில் எது

துணிமேல் பிவிசி பிளாஸ்டிக் பூசிய ரெக்ஸினுக்கும், பியு (பாலியூரிதேன்) பூசிய பியு லெதருக்கும் நடுவே தேர்வு என்றால் கடையில் பியு ஜெயித்துவிடும், ஏனென்றால் கைக்கு மென்மை. காருக்குள் கதை மாறும். மலிவான பியு படலம் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேதியியல்ரீதியாகவே சிதையும். ஒருநாள் திடீரென்று தோல் உரிவது போலச் செதில் செதிலாக வரும், ஒட்டவும் முடியாது. பாலிகார்பனேட் அடிப்படையிலான பியு இந்தச் சிதைவை நன்றாகத் தாங்கும். வாங்குகிறவர் கேட்க வேண்டிய சொல் அதுதான். பிவிசி வேறு மாதிரி கிழடாகும். அதை வளைய வைக்கும் மென்மையாக்கி வெயிலில் மெல்ல மெல்ல வெளியேற, பொருள் விறைத்துக் கடைசியில் வெடிக்கும். இருந்தாலும் நல்ல தரப் பிவிசி பல வருடம் உழைக்கும், ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும். குழந்தைகள், நாய், மழையில் நனைந்த உடை என்று இருக்கும் குடும்பத்துக்கு நான் தயங்காமல் பிவிசியைத்தான் சொல்வேன்.

அல்கன்டாரா தனி ரகம். 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கிய நுண்ணிழைப் பொருள் அது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாலியெஸ்டர், மீதி பாலியூரிதேன். வளைவில் உடம்பு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், வெயிலில் நின்ற காரில் தோல் அளவுக்குச் சுடாது. கை எண்ணெய் படும் இடத்தில் மட்டும் நுண்ணிழை படிந்து பளபளக்கும். அதனால் நடுப்பகுதிக்குச் சரி, கதவோரத் திண்டுக்கு வேண்டாம்.

எதை வாங்கினாலும் காருக்கென்று தயாரித்ததா என்று கேளுங்கள். காருக்குள் போடும் பொருள் தீப்பிடித்தால் எவ்வளவு வேகமாகப் பரவலாம் என்பதற்கே விதி இருக்கிறது. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி 302, நிமிடத்துக்கு 102 மிமீக்கு மேல் எரிந்து பரவக்கூடாது என்கிறது. சோபாவுக்கென்று வந்த ரெக்ஸின் அந்தச் சோதனையைக் கண்டிருக்காது.

தையல்: பாதி ஆயுள் இங்கேதான்

தோலுக்கு மணிக்கணக்கில் யோசிப்பவர்கள் நூலை ‘நல்லதா போடுங்க’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். தோல் கிழிந்து சீட் போவதைவிட நூல் அறுந்து பிரிவதுதான் அதிகம்.

நூலில் நைலானும் பாலியெஸ்டரும்தான் போட்டி. இரண்டிலும் இழைகளைப் பிசின் பூசிப் பிணைத்த ‘பாண்டட்’ ரகம் வேண்டும். நைலான் கொஞ்சம் கூடுதல் வலு, இழுத்தால் கொடுத்து வாங்கும். ஆனால் வெயிலில் நலியும். பாலியெஸ்டர் புற ஊதாக் கதிரை நன்றாகத் தாங்கும், நிறமும் நிலைக்கும். வெளியே தெரியும் தையல் எல்லாவற்றுக்கும் பாலியெஸ்டர், இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. நூலின் பருமனை டெக்ஸ் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் நூல் தடிக்கும். உள்தையலுக்கு டெக்ஸ் 70 போதும், மேலே தெரியும் தையலுக்கு டெக்ஸ் 90. எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றால் டெக்ஸ் 135 போடலாம், ஆனால் அதற்கேற்ற தடித்த ஊசியும், அடி அடுக்கையும் மேல் அடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷினும் வேண்டும்.

ஊசி முனையும் முக்கியம். தோலுக்குக் கூர்வெட்டு முனை, ரெக்ஸினுக்கு உருண்டை முனை. வெட்டுமுனை ஊசியால் ரெக்ஸினைத் தைத்தால் அடித்துணியின் இழையையும் அறுத்துவிடும். தையல் இடைவெளி சுமார் 4 முதல் 5 மிமீ. நெருக்கித் தைத்தால் பலம் என்று தோன்றும், நடப்பது நேரெதிர்: தபால்தலைத் தாளில் ஓட்டை போட்டது போல, இழுவிசை வந்ததும் அந்த வரிசையிலேயே கிழியும்.

இப்போது பாணிகள். மேலே நூலே தெரியாத வெறும் உள்தையல் பார்க்கச் சாதாரணம், ஆனால் உரசும் இடத்தில் அதுதான் ராஜா, ஏனென்றால் உரசுவதற்கு அங்கே நூல் இல்லை. ஒற்றை மேல்தையலில் உள்மடிப்பை ஒரு பக்கம் சாய்த்து மேலே ஒரு வரி ஓட்டுவார்கள். மடிப்பு படிந்து உட்காரும், பலமும் கூடும். செலவையும் வேலையையும் பார்த்தால் பெரும்பாலான சீட்டுக்கு இதுவே போதும்.

இணைப்பின் இரு பக்கமும் இரண்டு இணைவரிகளாக ஓடும் இரட்டைத் தையலைத்தான் சீட் வேலையில் பிரெஞ்சு சீம் என்கிறார்கள். உள்மடிப்பு இரண்டு பக்கமும் விரிந்து, கீழே நாடா வைத்துத் தைக்கப்படும். நேரான இடத்தில் இதற்கு இணை கிடையாது. தலைச்சாய்வுக்குக் கீழே ஓடும் நீளக்கோட்டில் போட்டுப் பாருங்கள், கார் ஒரு வகுப்பு மேலே போய்விடும். ஆனால் இரண்டு வரிக்கும் நடுவே ஒரு மிமீ தப்பினாலும் கண்ணில் குத்தும். இறுக்கமான வளைவில் உள்வரி சுருங்கி வெளிவரி இழுபட்டு அலை அடிக்கும். வெள்ளை நூல், சிவப்பு நூல் என்று மாறுநிறம் கேட்பவர்கள் முதலில் அந்தக் கடையில் முடித்த வேலையைப் பார்த்துவிட வேண்டும். தோலின் நிறத்திலேயே நூல் போட்டால் சின்னப் பிசகு மறைந்துவிடும்.

பைப்பிங் என்பது கயிற்றைத் தோலால் சுற்றித் தையல் விளிம்பில் வைப்பது. அது விளிம்பைக் கம்பீரமாக எடுத்துக் காட்டும். பழைய பாணிக் கார்களுக்குப் பொருத்தம். ஆனால் அது மேடாக நிற்பதால் உரசலை முதலில் வாங்குவதும் அதுதான். கதவோரத் திண்டில் பைப்பிங் வைத்தால் அதன் தோல் தேய்ந்து உள்ளே இருக்கும் கயிறு எட்டிப் பார்க்கும். முதுகு விளிம்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வைரக்கட்டத் தையலுக்கு இப்போது மோகம் அதிகம். நன்றாகச் செய்தால் அழகுதான். மெல்லிய ஃபோமைத் தோலுக்குப் பின்னே வைத்து முதலில் கட்டம் தைத்துவிட்டு, அதன்பிறகே அளவுக்கு வெட்ட வேண்டும். தைக்கத் தைக்கத் துண்டு சுருங்கும் என்பதால் முன்பே வெட்டினால் அளவு காணாது. ஒவ்வொரு பள்ளத்திலும் தூசியும் துணுக்குகளும் தங்கும், ஒவ்வொரு ஊசித்துளையும் தண்ணீருக்கு வழி. உட்காரும் பரப்பின் நடுவில் மட்டும் வைத்தால் சரி. திண்டுவரை இழுத்தால் வளைவில் கட்டம் கோணலாகும்.

என் காருக்கு என்றால், உட்காரும் நடுப்பகுதியும் திண்டுகளும் நிறப்பூச்சு மேல்தோல், பக்கவாட்டும் முதுகுப்புறமும் அதே நிறத்தில் நல்ல பிவிசி. வெளித்திண்டில் வெறும் உள்தையல், மேல்பகுதி நேர்க்கோட்டில் இரட்டைத் தையல், மற்ற இடமெல்லாம் ஒற்றை மேல்தையல். முழுத்தோல் போட்டதற்கும் இதற்கும் உட்காருபவருக்கு வித்தியாசம் தெரியாது, செலவில் நன்றாகவே தெரியும்.

எந்தப் பாணியானாலும் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று உண்டு. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், விபத்தின்போது அது கிழித்து வெளியேறவென்றே ஒரு தையலை அளந்து பலவீனமாக வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் வலுவான நூலோ மேல்தையலோ போட்டால் ஏர்பேக் நேரத்துக்கு விரியாது, தவறான பக்கம் விரியவும் கூடும். அந்தத் துண்டுக்குக் கம்பெனியின் அசல் உறையையே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஏர்பேக் சீட் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். சீட்டைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள். சீட்டுக்கு அடியில் ஓடும் ஏர்பேக்கின் மஞ்சள் நிற ஒயர் இணைப்பை யாரும் அவசரமாகப் பிடுங்கக் கூடாது.