டேங்க் மானிட்டர்: ரீடிங் ஓகே, தண்ணி பட்டா அவ்ளோதான்

எட்டு மாசமா கடல் மீன் தொட்டில மாட்டியிருக்கேன், டெம்பரேச்சர், பிஹெச் (தண்ணியோட அமிலத்தன்மை அளவு) ரெண்டும் கரெக்டா காட்டிட்டு இருந்துச்சு, போன வாரம் திடீர்னு பிஹெச் 7.0-லயே நின்னுடுச்சு, தொட்டில விட்டாலும் 7, பிஹெச் 4.0-ன்னு தெரிஞ்ச டெஸ்ட் திரவத்துல (பஃபர்) விட்டாலும் 7. ப்ரோப் (தண்ணிக்குள்ள விடுற சென்சார்) போச்சுன்னு புதுசு ஆர்டர் போட இருந்தேன், நல்லவேளை அதுக்கு முன்னாடி ப்ரோப் ஒயரை மானிட்டர் பாக்ஸ்ல மாட்டுற பிஎன்சி கனெக்டரை கழட்டிப் பாத்தேன், உள்ள ஈரம், ஓரத்துல வெள்ளையா உப்பு. ப்ரோப் குடுக்குற வோல்டேஜ் ரொம்ப சின்னது, ஈரம் ஷார்ட் பண்ணிட்டா ஜீரோ ஆயிடும், ஜீரோன்னா மீட்டருக்கு பிஹெச் 7, அவ்ளோதான் விஷயம்.

பவரை புடுங்கிட்டு, டிஸ்டில்டு வாட்டர் தொட்டு உப்பைத் துடைச்சு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தடவி ஒரு நாள் ஃபேன் முன்னாடி காய வெச்சேன் (அரிசி டப்பால போடுற வைத்தியம் வேணாம், உப்பு அப்படியேதான் இருக்கும்). ப்ரோப் முனையை மட்டும் காய விட்றாதீங்க, ஸ்டோரேஜ் சொல்யூஷன்லயே இருக்கணும்.

இப்ப சரியாயிடுச்சு. ஆனா கம்பெனி மேல செம கடுப்பு, கனெக்டருக்கு ஒரு ரப்பர் மூடி கூட குடுக்கல, ஒயர் வழியா தண்ணி வழிஞ்சு நேரா பாக்ஸுக்கே போகுது, ஒயரை பாக்ஸுக்கு கீழ தொங்க விட்டு வளைச்சு மேல ஏத்துங்கன்னு மேனுவல்ல ஒரு வரி இல்ல. அஞ்சுக்கு மூணு ஸ்டார்.