சுருளா, பெட்டியா, லாரியா, விமானமா, கப்பலா? விலைமதிப்புள்ள கலைப்பொருளை அனுப்பும் வழிகள்

பாவ்லோ வெரோனேசேயின் 'கானா ஊர்த் திருமணம்' 6.77 மீட்டர் உயரமும் 9.94 மீட்டர் அகலமும் கொண்ட ஓவியம். 1797-இல் நெப்போலியனின் படை அதை வெனிஸிலிருந்து பாரிஸுக்குக் கொண்டு போனது. இரண்டாம் உலகப் போரின்போது அதைச் சுருட்டி, லாரியில் ஏற்றி, மறைவிடங்களுக்கு அனுப்பித் திரும்பவும் கொண்டுவந்தார்கள். இத்தனைக்கும் ஈடுகொடுத்த ஓவியம் 1992-இல் லூவர் அருங்காட்சியகத்தில், தான் தொங்கும் கூடத்திலேயே, உயர்த்தி மாட்டும்போது தாங்கி நிலைகுலைந்து விழுந்து ஐந்து இடங்களில் கிழிந்தது.

கலைப்பொருளை அனுப்பும் வழிகளை ஒப்பிடுபவர்கள் வழக்கமாகத் தூரம், எடை, கட்டணம் என்று மூன்று பத்திகள் போட்டுக்கொள்கிறார்கள். நான் நான்காவதாக ஒன்றைச் சேர்த்து அதை முதலில் வைப்பேன்: இங்கிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை தூக்கி இறக்கப்படும், எத்தனை பேர் கைமாறும்? பொருள் அடிபடுவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான். கீழே உள்ள ஒப்பீடுகள் எல்லாமே அந்தக் கணக்கை வைத்துத்தான்.

சுருட்டுவதா, விரித்தபடியே அனுப்புவதா?

பெரிய கேன்வாஸ் வாசலுக்குள் நுழையாது, லிஃப்டில் ஏறாது என்றதும் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிவிடலாம் என்பது. செலவு கணிசமாகக் குறையும். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் சுருட்டுவதற்கு முன் ஓரத்து ஆணிகளைப் பிடுங்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் மறுபடி இழுத்துப் பொருத்த வேண்டும். பெட்டியில் போகும் ஓவியத்தில் கை படுவது பெட்டியின் மீது. சுருட்டும் ஓவியத்தில் கை படுவது ஓவியத்தின் மீதே.

இதற்குப் பிக்காசோவின் 'குவெர்னிகா'வை விடப் பெரிய சாட்சி இல்லை. 3.49 மீட்டருக்கு 7.77 மீட்டர். 1937-இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட பிறகு ஐரோப்பா, அமெரிக்கா என்று ஊர் ஊராகச் சுற்றியது. ஒவ்வொரு ஊரிலும் கழற்று, சுருட்டு, விரி, ஆணியடி. ஓரங்கள் நைந்தன, வண்ணப்படலம் வெடித்தது. 1950-களின் இறுதியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதன் பின்புறத்தில் மெழுகேற்றி வலுவூட்ட வேண்டியதாயிற்று. இன்று அது மாட்ரிட்டை விட்டு நகர்வதில்லை. யார் கேட்டாலும் கடன் தருவதில்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஜெரிக்கோவின் 'மெடூசாவின் தெப்பம்'. அதில் கலந்துள்ள தார்ப் பொருள் முழுதாக உலராது, சுருட்டினால் ஒட்டிக்கொள்ளும். எனவே 1939-இல் லூவரைக் காலி செய்தபோது, நாடகக் கம்பெனியின் திரைச்சீலைகளை ஏற்றும் லாரியில் விரித்தபடியே நிறுத்திக் கொண்டு போனார்கள். வெர்சாயில் மேலே சென்ற மின்கம்பிகளில் மாட்டி, மின்சாரம் தடைபட்டது. ஓவியம் பிழைத்தது. விரித்தபடி அனுப்புவதன் விலை இதுதான்: வழியிலுள்ள ஒவ்வொரு கம்பியையும் பாலத்தையும் வாசலையும் முன்கூட்டியே அளந்தாக வேண்டும்.

என் கணிப்பில், வண்ணப் பூச்சு மெல்லியதாகவும் நெகிழ்வோடும் இருந்து, எங்கும் வெடிப்பில்லை என்று ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வல்லுநர் ஒருவர் பார்த்துச் சொன்னால் மட்டுமே சுருட்டலாம். சுருட்டும்போதும் வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் பத்திரம் என்று மனம் சொல்லும். ஆனால் உட்பக்கம் மடங்கும் வண்ணம் நெருக்குண்டு மேலெழும்பி உதிரும். உருளை பருமனாக இருக்க இருக்க நல்லது, 30 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உருளையின் நீளம் ஓவியத்தைவிட இருபுறமும் அதிகமாக இருந்து, அந்த நீட்டல்களே பெட்டிக்குள் தாங்கிகளில் உட்கார வேண்டும். உருளையைத் தரையில் கிடத்தினால் மொத்த எடையும் அடியிலுள்ள வண்ணத்தின் மேல்தான் இறங்கும். அக்ரிலிக் ஓவியமென்றால் இன்னும் யோசிக்க வேண்டும்: குளிரில் விறைத்து வெடிக்கும், வெயிலில் இளகிச் சுற்றிய தாளோடு ஒட்டும்.

மென்சுற்று, அட்டைப்பெட்டி, மரப்பெட்டி

ஒரே வண்டி, ஒரே ஆட்கள், சில மணி நேரப் பயணம் என்றால் மென்சுற்றே போதும். சட்டமிட்ட ஓவியத்தை முதலில் வழவழப்பான, அமிலமற்ற தாளால் மூடி, மூலைகளுக்கு அட்டைக் காப்பு வைத்து, அதன்மேல் பபிள் ராப். குமிழ்கள் வெளிப்புறம் பார்க்கட்டும். உட்புறம் பார்த்தால், வெப்பத்தில் அந்த வட்டங்கள் வண்ணத்தின் மேல் அச்சாகப் பதிந்துவிடும். பிறகு எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் அவைதான் முதலில் கண்ணில் படும். சாதாரணக் கண்ணாடி போட்ட படமென்றால் கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டலாம். உடைந்தாலும் சில்லுகள் படத்தில் பாயாது. அக்ரிலிக் தகட்டிலும் பிரதிபலிப்பு தவிர்க்கும் பூச்சுள்ள கண்ணாடியிலும் டேப் கூடாது.

பல அடுக்கு அட்டைப்பெட்டி மலிவு, எடை குறைவு. அந்த எடைக்குறைவேதான் அதன் ஆபத்து. ஒருவர் ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்டி வீசப்படும். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டி மெதுவாக இறக்கப்படும். ஃபோர்க்லிஃப்ட் தேவைப்படும் பெட்டி அநேகமாக விழுவதே இல்லை. அதனால்தான் உள்ளங்கையளவு சிற்றோவியத்துக்குக்கூட இருபுறமும் கைப்பிடி வைத்து, கீழே கட்டைக்கால் அடித்த பெரிய பெட்டி செய்கிறார்கள். பார்ப்பவருக்கு வீண்செலவாகத் தெரியும். தூக்குபவரின் நடத்தையை மாற்றுவதற்காகச் செய்யும் செலவு அது.

மரப்பெட்டிதான் அருங்காட்சியகங்களின் தேர்வு. எல்லை தாண்டும் பயணத்துக்கு என் தேர்வும் அதுவே. ஆனால் மரப்பெட்டி என்ற பெயரில் கிடைப்பதெல்லாம் ஒன்றல்ல. பார்க்க வேண்டிய இடம் பெட்டியின் உட்புறம், அதிலும் ஃபோம். ஆறு பக்கமும் கெட்டியான ஃபோமை நிரப்பி, நடுவில் இலேசான ஓவியத்தைச் செருகிவிட்டு, 'முழுப் பாதுகாப்பு' என்பார்கள். அடி விழும்போது ஃபோம் அமுங்கினால்தான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பரப்பு அதிகமாகி எடை குறைவாக இருந்தால் அது அமுங்கவே அமுங்காது. மரப்பலகைமேல் வைத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. இலேசான ஓவியத்துக்கு மூலைகளில் மட்டும் சிறு துண்டுகள், கனமான சிற்பத்துக்கு அகலமான மெத்தைகள். ஒரு சதுர சென்டிமீட்டர் ஃபோமின் மேல் எவ்வளவு எடை இறங்குகிறது என்று பெட்டி செய்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள்.

மூடியை ஆணியடித்து மூடும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். சுத்தியலின் ஒவ்வொரு அடியும் உள்ளே போகிறது. திறக்கும்போது கடப்பாறையும் வரும். திருகிக் கழற்றும் போல்ட், மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை, வெளியே ஈரம் புகாத வண்ணப்பூச்சு என்று இருக்கட்டும். புது மரமும் பிளைவுட்டும் அமில ஆவியை வெளிவிடும் என்பதால் உட்சுவரில் அலுமினியப் படலம் ஒட்டியிருப்பது நல்லது. வெளிநாடு போகும் பெட்டியின் கட்டி மரம், மரத்தோடு பூச்சிகள் நாடு தாண்டாமல் தடுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லையென்றால் துறைமுகத்தில் பெட்டியை நிறுத்திவிடுவார்கள். நின்ற இடத்தில் வெயிலா மழையா என்பது உங்கள் கையில் இல்லை. பிளைவுட்டுக்கு இந்த விதி பொருந்தாது.

சிற்பத்துக்கு வேறு கணக்கு. கை, கழுத்து, நீட்டிய விரல் எதையும் பிடிக்காமல், உடலின் உறுதியான பகுதியை மட்டும் மெத்தையிட்ட குறுக்குக் கட்டைகள் பிடிக்க வேண்டும். 1964-இல் மிக்கேலாஞ்சலோவின் 'பியேட்டா' நியூயார்க் உலகக் கண்காட்சிக்குக் கப்பலில் போனபோது, பெட்டிக்குள் பெட்டி வைத்து இடைவெளியைத் தெர்மோகோலால் நிரப்பினார்கள். கப்பல் மூழ்கினாலும் பெட்டி மிதக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

வாடகைக்குக் கிடைக்கும், உள்ளமைப்பை அளவுக்கேற்ப மாற்றும் பெட்டிகள் சட்டமிட்ட ஓவியங்களுக்கு நன்றாகவே இருக்கின்றன. சிற்பத்துக்கு அவை வேண்டாம்.

சாலை, வானம், கடல்

கைமாற்றக் கணக்கில் லாரியே முதலிடம். இங்கே ஒருமுறை ஏற்றம், அங்கே ஒருமுறை இறக்கம்; நடுவில் அதே இரண்டு ஓட்டுநர்கள். அதன் குறை அதிர்வு. இழுத்துக் கட்டிய கேன்வாஸ் மத்தளத் தோல்போல. சாலையின் குறைந்த அதிர்வெண் நடுக்கத்துக்கு அது கூடவே ஆடும். பின்புறம் ஒரு தடுப்புப் பலகை பொருத்தினாலே இந்த ஆட்டம் பெரிதும் அடங்கிவிடும். இவ்வளவு மலிவான காப்பு வேறில்லை. வண்டி ஏர் சஸ்பென்ஷன் கொண்டதாக இருக்கட்டும். ஓவியங்கள் நிமிர்ந்து, வண்டி போகும் திசைக்கு இணையாக, முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் நிற்கட்டும். பின்சக்கரத்துக்கு மேலே உள்ள இடத்தைக் காலிப் பெட்டிகளுக்கு விட்டுவிடுங்கள்.

விமானம் வேகம் என்கிறார்கள். பறக்கும் நேரம் மட்டும்தான் வேகம். லாரி, சரக்குக் கிடங்கு, பாதுகாப்புச் சோதனை, தட்டில் அடுக்கிக் கட்டுதல், ஓடுதளம், விமானம். இறங்கிய பிறகு இதே வரிசை தலைகீழாக. அத்தனை இடத்திலும் புதுப் புது ஆட்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு இது இன்னொரு பெட்டி. எக்ஸ்-ரே கருவிக்குள் நுழையாத அளவுப் பெட்டியென்றால் திறந்து பார்க்கச் சொல்லும் வாய்ப்பும் உண்டு. முன்கூட்டியே அங்கீகாரம் பெற்ற முகவர் தம் இடத்திலேயே பெட்டியை மூடிச் சான்றளித்தால் இதைத் தவிர்க்கலாம். பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் சுமார் 160 செ.மீ. உயரம்வரைதான் போகும், அதைத் தாண்டினால் சரக்கு விமானம், அங்கே சுமார் 3 மீட்டர். இந்த ஓர் அளவுக்காகவே சட்டத்தைத் தனியாகவும் ஓவியத்தைத் தனியாகவும் அனுப்புவதுண்டு. விபத்து மிக அரிது. நேர்ந்தால் மிச்சம் இருக்காது. 1998-இல் ஸ்விஸ்ஏர் 111 கடலில் விழுந்தபோது பிக்காசோவின் 'ஓவியர்' அதோடு போனது. ஒரு தொகுப்பின் பொருள்கள் முழுவதையும் ஒரே விமானத்தில் ஏற்றாமல் பிரித்து அனுப்பும் வழக்கம் இதற்காகத்தான்.

கப்பலைப் பற்றிய பொதுவான அச்சத்தில் பாதிதான் நியாயம். உங்கள் வாசலிலேயே நிரப்பிப் பூட்டி முத்திரையிட்ட முழுக் கன்டெய்னர் என்றால், மறுமுனை வாசல்வரை பெட்டியை யாரும் தொடுவதில்லை. கிரேன் தூக்குவது கன்டெய்னரைத்தான். கைமாற்றக் கணக்கில் இது விமானத்தைத் தோற்கடிக்கிறது. பகிர்வுக் கன்டெய்னர் வேறு கதை: உங்கள் ஓவியத்தின் பக்கத்தில் என்ன சரக்கு வருகிறது என்பதே தெரியாது. கப்பலின் உண்மையான பகை காலம். வாரக்கணக்கில் பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்க, கன்டெய்னரின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும், பூஞ்சை பிடிக்கும். கல், வெண்கலம், பீங்கான் ஆகியவற்றுக்கு நான் தயங்காமல் கப்பலைச் சொல்வேன். மரப்பலகை ஓவியம், காகிதம், தந்தம் இவற்றுக்குச் சொல்லமாட்டேன். பாப்லார் பலகையில் வரைந்த மோனா லிசாவே 1962-இல் கப்பலில் அமெரிக்கா போகவில்லையா என்று கேட்பார்கள். போனது, அது பயணிகள் கப்பலின் அறைக்குள், வெப்பமும் ஈரமும் மாறாத பெட்டியில், காவலர் சூழப் போனது. கார்பன் உமிழ்வைக் குறைக்க 2020-இல் தொடங்கிய கேலரி கிளைமேட் கோயலிஷன் அமைப்பு விமானத்தைக் குறைத்துக் கடல்வழியைக் கூட்டச் சொல்கிறது. சரியான பொருளுக்கு அது நல்ல யோசனை.

எந்த வழியானாலும், நன்கு அடைத்த பெட்டி தன் ஈரப்பதத்தைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் சமன்செய்யும் சிலிக்கா ஜெல்லை 50 விழுக்காடு ஈரப்பதத்துக்குப் பதப்படுத்தி வைத்தால் இன்னும் நிதானம். போய்ச் சேர்ந்தவுடன் ஆவலில் திறந்தால் அதெல்லாம் வீண். 24 மணி நேரம் மூடியபடியே அந்த அறையில் கிடக்கட்டும். குளிர்ந்த ஓவியத்தின் மேல் அறையின் ஈரம் பனியாகப் படிவதை அப்படித்தான் தடுக்க முடியும்.

ஆள் துணையா, கருவியா?

2020-க்குப் பிறகு, கூடவே பயணம் செய்யும் துணை அலுவலருக்குப் பதில் காணொளி அழைப்பும் பெட்டிக்குள் பதிவுக் கருவியும் பரவலாயின. கருவி எந்த நேரத்தில் எவ்வளவு அடி விழுந்தது என்று சொல்லும், விழாமல் தடுக்காது. கிடங்கில் நின்று "அந்தப் பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நேரடி லாரிப் பயணத்துக்குக் கருவி போதும். பல கை மாறும் விமானப் பயணத்துக்கு ஆளை அனுப்புங்கள்.

காப்பீட்டில் 'ஆணியிலிருந்து ஆணிவரை' என்ற வகையை எடுங்கள். சுவரிலிருந்து கழற்றும் கணம் தொடங்கித் திரும்ப மாட்டும்வரை அது பொறுப்பேற்கும். பொதி கட்டியதில் குறை என்று நிரூபணமானால் இழப்பீடு மறுக்கும் நிபந்தனை பெரும்பாலும் உள்ளே இருக்கும். கிளம்பும்போதும் சேரும்போதும் ஒரே கோணங்களில் எடுத்த படங்களுடன், பொருள் எந்த நிலையில் இருந்தது என்று குறிக்கும் அறிக்கை இல்லாமல் வாதாட முடியாது.

திரும்பும் பயணத்தைப் பற்றி யாரும் விலை கேட்பதில்லை. கண்காட்சி முடிந்த களைப்பில், வேறு ஆட்கள், அவசரமாகக் கட்டுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் காலிப் பெட்டி எங்கோ ஈரக் கிடங்கில் கிடந்திருக்கும், ஃபோம் துண்டுகளில் இரண்டு காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி, திறக்கும்போது படிப்படியாக எடுத்த படங்களை மூடியின் உட்புறத்தில் ஒட்டி அனுப்புங்கள். காலிப் பெட்டியையும் ஓவியம் தொங்கும் அதே தட்பவெப்பத்தில் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.