பழைய மஸ்டாங்கின் முன் சஸ்பென்ஷன்: எந்த மாற்றுப் பாகம் காசுக்குத் தகும்?

1960களின் ஃபோர்டு மஸ்டாங்குக்கு முன் சஸ்பென்ஷன் பாகங்கள் வாங்கப் போனால், சாதாரண ரப்பர் புஷ் (மூட்டுகளில் வைக்கும் உறை) முதல் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்த முழுக் காயில்ஓவர் தொகுப்பு வரை பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. விலை கூடியதிலிருந்து தொடங்குவதே பலரது வழக்கம் என்றாலும், இந்தக் காரைப் பொறுத்தவரை அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தக் காரில் காயில் ஸ்பிரிங், சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மின் மீது அமர்ந்து, எஞ்சினுக்கு இருபுறமும் உள்ள ஷாக் டவர்களைத் தாங்குகிறது. முன்பக்கப் பாரம் தகட்டாலான அந்த டவர்கள் வழியாகவே இறங்குவதால், எதையும் ஆர்டர் செய்யுமுன் மேல் ஆர்ம் மாட்டியிருக்கும் இடத்தைத் துடைத்து, டார்ச் அடித்து, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். விரிசல் இருந்தால் முதல் செலவு வெல்டிங்குக்குத்தான்.

அடுத்து நான் பரிந்துரைப்பது, கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு பாகம். ஸ்பிரிங் அமரும் இருக்கையில் தொழிற்சாலை பொருத்திய ரப்பர் புஷ், சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் முறுக்கப்படுகிறது. இந்த எதிர்ப்பு ஷாக் அப்சார்பரின் கட்டுப்பாட்டுக்குள் வராததால், நல்ல ஷாக் போட்ட பிறகும் கார் சிறு குழிகளில் துள்ளுகிறது. புது ரப்பர் இருக்கையைக் கையால் திருப்பிப் பார்த்தால் அடம்பிடிக்கும். பேரிங் வைத்த மாற்று இருக்கையோ விரலால் தள்ளினாலே சுழலும். கொடுத்த காசுக்கு இவ்வளவு மாற்றம் தரும் பாகம் இந்தக் காரில் வேறில்லை.

மேல் ஆர்மின் பொருத்துதுளைகளை ஒரு அங்குலம் கீழிறக்கும் மாற்றத்துக்கு பாகமே வேண்டாம். அளவுத்தகடும் துளையிடும் கருவியும் போதும். ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் வகுத்த இந்த வடிவியல்தான் மஸ்டாங்கின் வேக ரகமான 1965 ஷெல்பி ஜிடி350-இல் இடம்பெற்றது. வளைவில் உடல் சாயும்போது வெளிச்சக்கரம் சாலையை முழுதாகப் பற்ற இது உதவுவதோடு, முன்பக்கம் சற்றுத் தாழவும் செய்கிறது. இதைச் செய்யாமல் பளபளக்கும் குழாய் ஆர்ம்களை மட்டும் பழைய துளைகளிலேயே மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. காஸ்டரை (பக்கவாட்டில் பார்க்கையில் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) கூட்டும்படி வடிவமைத்த ஆர்ம் என்றால் அது வேறு விஷயம்.

பாலியூரித்தேன் புஷ்கள் நீண்ட காலம் உழைக்கும், ஆனால் கிரீஸ் வறண்டால் கிறீச்சிடும். கீழ் ஆர்மை முன்பின் நகராமல் பிடிக்கும் ஸ்டிரட் ராடில் மட்டும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. அந்த ராடின் முனை எல்லாப் பக்கமும் அசைய வேண்டியிருக்கையில், கடினமான புஷ் அந்த அசைவைத் தடுத்து, ராடையே வளைக்கப் பார்க்கிறது. அங்கே ரப்பர் வைக்கலாம்; செலவு செய்ய மனமிருந்தால் உருண்டை மூட்டுள்ள ராடு வாங்கலாம். ரப்பர் புஷ் போடும் கன்ட்ரோல் ஆர்ம்களின் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும் நிலையில் அல்லாமல் கார் தன் பாரத்தில் நிற்கும்போதே இறுதியாக முடுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து கிழிந்துவிடும்.

வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரில் ஆசை மீறக் கூடாது. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியாக ஏறுவதால், முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலத்துக்குப் போனாலே மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும்.

காயில்ஓவர் தொகுப்பு மோசமான பொருளல்ல. உயரத்தையும் ஸ்பிரிங் விறைப்பையும் அடிக்கடி மாற்றிப் பந்தயத்தடத்தில் ஓட்டுபவருக்கு அது பயன்படும். சாலையில் மட்டும் ஓடும் காருக்கு அந்தப் பணத்தில் நல்ல ஷாக், டவர்களை எஞ்சின் அறையின் பின்சுவரோடு பிணைக்கும் பிரேஸ், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் புதிய டை ராடு முனைகள் ஆகியவற்றை வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அலைன்மென்ட்டுக்கு விடும்போது பழைய கையேட்டு அளவுகளைக் கொடுக்காதீர்கள். அவை அக்காலத்துப் பயஸ்-பிளை (இழைகள் குறுக்காகச் சாய்ந்த) டயர்களுக்காக எழுதப்பட்டவை. ரேடியல் டயருக்குக் காஸ்டர் நேர்மறையில் சுமார் 3 பாகை, கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு) எதிர்மறையில் அரை பாகை என்று கேட்டு வாங்குங்கள்.