ஆங்கில இடியம்ஸ் படிக்க ஆங்கி செயலி: நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பிறகு

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்காக ஆங்கில இடியம்ஸ், ஃபிரேஸஸ் (மரபுத்தொடர்கள்) படிக்க, கேள்வி-விடை அட்டைகளாகப் படிக்க உதவும் ஆங்கி (Anki) செயலியை நீண்ட நாளாகப் பயன்படுத்துகிறேன். நல்ல கருவிதான். ஆனால் அதற்குள் எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன். வீடு மண்டபத்தில். கோச்சிங் என்றால் ராமநாதபுரமோ மதுரையோ பஸ் ஏற வேண்டும், அதனால் எனக்குப் போன்தான் வகுப்பு.

முதலில் கணக்கு. டயர் 1-இல், அதாவது முதல் கட்டத் தேர்வில், ஆங்கிலம் 25 கேள்வி, 50 மதிப்பெண். தவறான விடைக்கு 0.50 குறையும். டயர் 2-இல் 45 கேள்வி, ஒன்றுக்கு 3 மதிப்பெண், தவறினால் 1 போகும். இதில் இடியம்ஸ் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் வரும். இதற்காக நாள் முழுக்க உட்கார்வது வீண். அதே சமயம் 60 நிமிடத்தில் 100 கேள்வி முடிக்க வேண்டிய தாளில், தெரிந்த இடியம் கண்ணில் பட்டதுமே முடிந்துவிடும். மிச்சமாகும் நேரம் கணக்குப் பகுதிக்குப் போகும். எனக்கு அதுதான் பெரிய லாபம்.

ஆங்கி 2006-இல் வந்தது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அட்டையைப் பார்த்து மனதுக்குள் விடை சொல்லி, திருப்பிப் பார்த்து, எளிதா கடினமா என்று ஒரு பொத்தானைத் தட்டினால், அந்த அட்டை மறுபடி எப்போது வரும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. நெட் இல்லாமலும் ஓடும். தொந்தரவு ஒன்றுதான்: திருவிழா, கல்யாணம் என்று சில நாள் விட்டால் பார்க்க வேண்டிய அட்டைகள் பாக்கியாகக் குவிந்துவிடும். புது அட்டைகளைக் கொஞ்சநாள் நிறுத்தி வைத்துப் பாக்கியை மட்டும் முடித்தால் சரியாகிவிடும்.

மற்றவர்கள் செய்து வைத்த ரெடிமேட் தொகுப்புகளும் கிடைக்கின்றன. முன்பக்கம் இடியம், பின்பக்கம் ஒருவரிப் பொருள். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், நான்கு விடைகளை எதிரே வைத்தால்தான் சாயம் வெளுக்கும். நான் இப்போது பழைய வினாத்தாளில் வந்த முழு வாக்கியத்தை முன்பக்கமும், சரியான விடையோடு என்னை இழுத்த தவறான விடையைப் பின்பக்கமும் எழுதுகிறேன். ஒரு அட்டைக்குக் கூடுதல் நேரம் ஆகிறது, ஆனால் அட்டை எழுதும்போதே பாதி படித்து முடிந்துவிடுகிறது.

தமிழ்ப் பழமொழியோடு பொருத்திப் படிப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அச்சாகப் பொருந்தினால் அதைவிடச் சுருக்குவழி இல்லை. ‘கேரி கோல்ஸ் டு நியூகாஸில்’ என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதேதான். ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ அத்தி பூத்தாற்போல. ஆனால் ‘டர்ன் எ டெஃப் இயர்’ என்றதும் செவிடன் காதில் ஊதிய சங்கு ஞாபகம் வந்தால் ஆபத்து. முன்னது கேட்க மறுப்பவரைப் பற்றியது, பின்னது வீணான முயற்சியைப் பற்றியது. இரண்டுமே விடைப் பட்டியலில் இருந்தால் அரை மதிப்பெண் போய்விடும். அரைகுறையாகப் பொருந்தும் பழமொழியை நான் அட்டையில் சேர்ப்பதே இல்லை.

கடல் சம்பந்தப்பட்ட இடியம்ஸில் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. பாம்பன், மண்டபம் பக்கம் கடல் உள்வாங்கும்போது நாட்டுப்படகுகள் தரைதட்டி நிற்பதைப் பார்த்தவருக்கு ‘ஹை அண்ட் டிரை’ என்பதற்கு அர்த்தம் எழுதித் தர வேண்டியதில்லை. ஆதரவில்லாமல் நடுவில் விடப்படுவது. ‘டேக்கன் அபேக்’ என்றால் திகைத்துப் போவது. காற்று திடீரென்று எதிர்ப்பக்கம் திரும்பினால் பாய் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், கப்பல் நின்றுவிடும், அதிலிருந்து வந்தது. அப்பாவிடம் சொன்னேன். “ஆமா, பாய் ஒட்டிக்கிரும், வள்ளம் பின்னால போகும், ஒண்ணும் ஓடாது” என்றார். பாய் கட்டி ஓடிய காலத்து ஆள், அவருக்கு இது இங்கிலீஷே இல்லை.

‘த்ரீ ஷீட்ஸ் இன் த விண்ட்’ குடித்துத் தள்ளாடுவதைச் சொல்வது. இங்கே ஷீட் என்றால் துணி அல்ல, பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு, நம்ம தாமான். அது அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் ஆடும். ‘பை அண்ட் லார்ஜ்’ கூட அங்கிருந்து வந்ததுதான். காற்றை எதிர்த்து ஓடுவது பை, பின்காற்றில் ஓடுவது லார்ஜ். இரண்டிலும் சேர்த்துப் பார்த்தால், அதாவது பொதுவாக. இந்த வகை அட்டைகளுக்கு எளிது என்றே தட்டுவதால், அவை எனக்குத் திரும்ப வருவதே அபூர்வம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் பிறப்புக் கதை தேடி அலையாதீர்கள். ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ எங்கிருந்து வந்தது என்பது இன்றும் உறுதியாகவில்லை. யூடியூபில் மட்டும் ஆளுக்கொரு கதை. தேர்வில் கேட்பது பொருளை மட்டும்தான்.

வங்கித் தேர்வுக்கு மட்டும் படிப்பவர் என்றால், பத்தி வாசிப்பைவிட்டு இதில் நேரம் போட வேண்டாம். சி.ஜி.எல்., சி.டி.எஸ். (ராணுவ அதிகாரிகளுக்கான தேர்வு) எழுதுகிறவர்கள் பழைய தாள்களை எடுத்துவைத்து, அதில் மறுபடி மறுபடி தலைகாட்டும் இடியம்ஸை முதலில் அட்டையாக்குங்கள். நாளுக்குப் பத்துப் புது அட்டைக்கு மேல் வேண்டாம்.